கேட்பு, வசூல், நிலுவை



நகராட்சி நிர்வாகம் பற்றிப் பேச, ஆணையராகவோ செயலராகவோ இருந்தவர்களை அழைப்பதுதான் வழக்கம். நான் ஆணை போட்டவன் அல்ல. உள்ளாட்சி நிதித் தணிக்கையில் வேலை பார்த்தவன். அடுத்தவர் எழுதிய ஏடுகளைப் புரட்டியே ஓய்வு வயதுக்கு வந்து சேர்ந்தேன். அதனால் இன்றைய பேச்சும் ஓர் ஏட்டைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

நகராட்சி வருவாய்ப் பிரிவுக்குள் நுழைந்தவர்களுக்கு அந்த ஏடு தெரியும். கேட்பு, வசூல், நிலுவை என்று மூன்று பத்தி. உங்கள் வீட்டுக்கு இந்த அரையாண்டு எவ்வளவு வரி என்பது கேட்பு. கட்டியது வசூல். கட்டாதது நிலுவை. ஆண்டு முடிந்ததும் நிலுவை அடுத்த ஏட்டின் முதல் பத்திக்குப் போய்விடும். ஐந்து ரூபாயாக இருந்தாலும் போகும். குடிமக்களிடமிருந்து வரவேண்டியதை இவ்வளவு கறாராக எழுதி வைக்கும் ஒரு நகரம், தனக்கு மாநிலத்திடமிருந்து வரவேண்டியதை எங்கே எழுதி வைக்கிறது? இந்தக் கேள்வி எனக்குள் எப்போது விழுந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில் ஒரு சிறு நகராட்சிக்குத் தணிக்கைக்குப் போயிருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். மன்றத் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு வரும்போது ஒரே தீர்மானம் மறுபடி மறுபடி கண்ணில் பட்டது. குடிநீர்க் குழாய் பழுதுபார்க்க இரண்டு குழாய் பொருத்துநர் பணியிடம் தோற்றுவிக்க அனுமதி வேண்டும், சம்பளத்தை நகராட்சியின் சொந்த வருவாயிலேயே கொடுத்துக்கொள்கிறோம் என்று தீர்மானம். ஒவ்வொரு முறையும் கடைசி வரி ஒன்றுதான்: ‘தக்க ஆணை வேண்டி அரசுக்கு அனுப்பி வைக்க மன்றம் ஏகமனதாகத் தீர்மானிக்கிறது.’ ஏழு தடவை எண்ணினேன். தலைவர்கள் மாறியிருந்தார்கள், கட்சி மாறியிருந்தது, எழுத்தர் கையெழுத்து மாறியிருந்தது. கடைசி வரி மாறவில்லை.

கவனியுங்கள், அவர்கள் பணம் கேட்கவில்லை. பணம் இருந்தது. இரண்டு ஆளைச் சேர்த்துக்கொள்ள அனுமதி கேட்டார்கள். அந்த அனுமதி கொடுத்தால் அரசுக் கருவூலத்திலிருந்து ஒரு பைசா குறையாது.

நம்மூரில் நகரம் மாநிலத்திடம் கேட்பது என்றாலே பாலம், மழைநீர் வடிகால், பேருந்து நிலையம், இத்தனை கோடி என்று பேச்சு நிதிக்குப் போய்விடும். நிதி வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஒரு நகரத்தின் கேட்பில் இரண்டு வகை உண்டு: பணம் ஒன்று, விதி ஒன்று. விதியைக் கேட்காமல் பணத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிற நகரம் ஆண்டுக்காண்டு கேட்டுக்கொண்டேதான் இருக்கும். இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இனி அதற்குச் சான்றுகள்.

சென்னை மாநகராட்சி 1688 செப்டம்பர் 29இல் தொடங்கியது. இந்த வயதை மேடைக்கு மேடை சொல்லிப் பெருமைப்பட்டாயிற்று. நான் சொல்ல விரும்பும் ஆண்டு 1920. அந்த ஆண்டு செப்டம்பரில் மாநகராட்சி மன்றம் ஒரு தீர்மானம் போட்டது. ஆயிரம் விளக்கில் உள்ள மாநகராட்சிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு, தலைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாமல், சிற்றுண்டி கொடுப்பது என்று. மன்றத் தலைவர் பிட்டி தியாகராயர். பிள்ளைகள் ஏழைகள், பசியால்தான் பள்ளியில் எண்ணிக்கை குறைகிறது என்பது அவர் சொன்ன காரணம். திட்டம் இன்னும் சில பள்ளிகளுக்குப் பரவியது, பிள்ளைகளும் கூடினார்கள். 1925 ஏப்ரல் 1ஆம் தேதி நின்றுபோனது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவு எழுதக்கூடாது என்று அரசு சொல்லிவிட்டது.

ஓர் அணா இல்லாமல் அது நிற்கவில்லை, எந்தத் தலைப்பில் எழுதுவது என்பதில் நின்றது. எங்கள் துறை மொழியில் ‘தலைப்பு மாறிய செலவு’. அந்தத் தடையை எழுதியவர் என் தொழில் முன்னோர் யாராகவாவது இருக்கலாம், அவர் சார்பில் நூறாண்டு தாமதமாக ஒரு வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன். பிற்பாடு மதிய உணவும் சத்துணவும் மாநிலத் திட்டங்களாக வந்ததும், 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியதும் உங்களுக்குத் தெரிந்த வரலாறு. ஒரு நகர மன்றம் முதலில் யோசித்தது. செய்ய விடாமல் குறுக்கே நின்றது ஒரு விதி. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

சென்னை மாநகராட்சியின் கையில் இன்று என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால், என்ன இல்லை என்று சொல்வது சுலபம். பேருந்து 1972இல் உருவான அரசுக் கழகத்தின் கையில். நிலத்தைத் திட்டமிடுவது எழுபதுகளில் வந்த பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் கையில். குடிநீரும் கழிவுநீரும் 1978 சட்டத்தின்படி அமைந்த வாரியத்தின் கையில். குடிசைப் பகுதிக்கு ஒரு வாரியம், மின்சாரத்துக்கு ஒரு கழகம், மெட்ரோவுக்கு ஒரு நிறுவனம். நாற்காலி மாநகராட்சியின் ரிப்பன் மாளிகையில் இருக்கிறது, சாவிகள் வேறு வேறு இடத்தில் இருக்கின்றன. 1992இல் நிறைவேறி 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் பன்னிரண்டாவது அட்டவணையில் 18 பொருள்களைப் பட்டியலிட்டு, இவற்றை நகர அமைப்புகளிடம் ஒப்படைக்கலாம் என்றது. ‘லாம்’ என்ற ஈறு எவ்வளவு வலிமையானது என்பதை இலக்கண மாணவர்களைவிட நகராட்சி ஊழியர்கள் நன்றாக அறிவார்கள்.

நிர்வாகத்தை விடுங்கள். வரவைப் பார்ப்போம்.

சொத்துவரிதான் ஒரு நகரத்தின் சொந்தச் சோறு. சென்னையில் அது 1998இல் திருத்தப்பட்டது. அதன் பிறகு 2018இல் உயர்த்தப்பட்டது. கூச்சல் எழுந்தது, 2019 நவம்பரில் அந்த உயர்வு நிறுத்தி வைக்கப்பட்டது. 2022 ஏப்ரலில் மறுபடி உயர்ந்தது. பழைய நகர எல்லைக்குள் 600 சதுர அடி வரையிலான வீட்டுக்கு 50 சதவீதம், 1,200 வரை 75, 1,800 வரை 100, அதற்கு மேல் 150. ஒரே நாளில் ஒன்றரை மடங்கு கூடுதல் என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது? ஆனால் முதலில் 20 ஆண்டு தொடாமல் விட்டது யார்? வருடத்துக்கு இரண்டோ மூன்றோ சதவீதம் என்று ஏற்றிக்கொண்டு வந்திருந்தால் அந்த அதிர்ச்சியே இல்லை. மாமன்றம் ஏற்றியிருக்க முடியுமா என்றால், சட்டப் புத்தகத்தில் வரி விதிப்பது மன்றம்; நடப்பில் சென்னையில் தேர்தல் வரும் போகும் காலத்தைப் பார்த்து முடிவெடுக்கும் இடம் வேறு. 2022 உயர்வுக்கு உடனடித் தூண்டுதலும் உள்ளூரிலிருந்து வரவில்லை. அடிப்படை விகிதத்தை அறிவித்து, மாநில உற்பத்தி வளர்ச்சிக்கு ஏற்ப வரியை உயர்த்திய மாநிலங்களின் நகரங்களுக்குத்தான் மானியம் என்று 15ஆவது மத்திய நிதிக்குழு நிபந்தனை வைத்திருந்தது. தில்லியில் எழுதிய நிபந்தனைக்காகக் கோட்டையில் எடுத்த முடிவுக்கு, வார்டு உறுப்பினர் வீட்டு வாசலில் நின்று மக்கள் திட்டினார்கள்.

அடுத்தது தொழில்வரி. இது இன்னும் வேடிக்கை. அரசியலமைப்பின் 276ஆவது பிரிவு ஒருவரிடமிருந்து ஆண்டுக்கு அதிகபட்சம் எவ்வளவு தொழில்வரி வாங்கலாம் என்று வரம்பு வைக்கிறது. 1950இல் 250 ரூபாய். 1988இல் 60ஆவது திருத்தம் அதை 2,500 ஆக்கியது. அன்று நின்ற இடத்தில் இன்றும் நிற்கிறது. சென்னையில் அரையாண்டுக்கு 75,000 ரூபாய்க்கு மேல் சம்பாதிக்கும் எல்லாருக்கும் ஒரே வரி, 1,250 ரூபாய். மாதம் பதின்மூன்றாயிரம் வாங்கும் துணிக்கடை விற்பனையாளரும், ஐந்து லட்சம் வாங்கும் மென்பொருள் நிறுவன மேலாளரும் நகரத்துக்குச் செலுத்துவது சமம். இதை மாற்றச் சட்டமன்றத்தால் முடியாது, நாடாளுமன்றம்தான் மாற்ற வேண்டும். ஆனால் மாற்றுங்கள் என்று ஒரு மாநகராட்சி மன்றம் தன் சட்டமன்ற உறுப்பினர்களிடம் சொல்லலாம், அவர்கள் பேரவையில் தீர்மானம் கொண்டுவரலாம். மத்திய அரசுச் சொத்துகளுக்கு வரி விலக்குத் தரும் 285ஆவது பிரிவும் அப்படித்தான். இரயில்வே, கோட்டை என்று கடற்கரையோரம் எவ்வளவு நிலம் என்பது சென்னையில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த கணக்குக்கு வருகிறேன். ஒரு பேனாவும் தாளும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

நிலமோ வீடோ வாங்கிப் பத்திரம் பதியும்போது நாம் மூன்று தொகை கட்டுகிறோம். முத்திரைத்தீர்வை 5 சதவீதம், அது மாநிலத்துக்கு. சொத்து மாற்றத்தின் மீதான மேல்வரி 2 சதவீதம், இதைப் பதிவுத்துறை வசூலித்தாலும் இது உள்ளாட்சிகளுக்கு உரியது. மூன்றாவது பதிவுக்கட்டணம், அது மாநிலத்துக்கு. 2017 ஜூன் வரை பதிவுக்கட்டணம் 1 சதவீதம்.

2017 ஜூனில், இந்தத் தொகைகளைக் கணக்கிட அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பு 33 சதவீதம் குறைக்கப்பட்டது. மனை வியாபாரம் படுத்துக் கிடந்த நேரம், மக்கள் வரவேற்றார்கள். அதே கையோடு பதிவுக்கட்டணம் 1 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக்கப்பட்டது.

வழிகாட்டி மதிப்பு 60 லட்சம் உள்ள ஒரு மனையை அந்த மதிப்பிலேயே பதிவதாக வைத்துக்கொள்வோம். மாற்றத்துக்கு முன்னால் தீர்வை 3,00,000, பதிவுக்கட்டணம் 60,000, ஆக மாநிலத்துக்கு 3,60,000 ரூபாய். உள்ளாட்சிக்கு 1,20,000. மாற்றத்துக்குப் பின்னால் மதிப்பு 40,20,000. தீர்வை 2,01,000, பதிவுக்கட்டணம் 1,60,800, ஆக மாநிலத்துக்கு 3,61,800. உள்ளாட்சிக்கு 80,400.

மாநிலத்துக்கு 1,800 ரூபாய் கூடியிருக்கிறது. உள்ளாட்சிக்கு 39,600 ரூபாய் குறைந்திருக்கிறது. மனை வாங்கியவருக்குக் கிடைத்த சலுகை முழுவதும் நகராட்சியின் சட்டைப்பையிலிருந்து போனது. யாரும் சதி செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. பதிவுத்துறை தன் வரவு குறையாமல் பார்த்துக்கொண்டது, அது அதன் கடமை. அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்களில் நகரத்துக்காகக் கணக்குப் போட ஓர் ஆள் இல்லை, அவ்வளவுதான். 2023 ஏப்ரல் 1இல் வழிகாட்டி மதிப்பு பழைய நிலைக்குத் திரும்பி, பதிவுக்கட்டணம் 2 சதவீதமானது. அதே மனைக்கு உள்ளாட்சிக்கு மறுபடி 1,20,000. மாநிலத்துக்கு 4,20,000. இடையில் போன ஆறு ஆண்டுக் குறையை யார் எந்த ஏட்டில் எழுதினார்கள்? நான் கேட்ட நண்பர்கள் சிரித்தார்கள்.

இப்படி ஒரு ‘விதி’ போகிற போக்கில் எடுத்துக்கொண்டு போவதை, மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் உள்ளாட்சிகளுக்கு 10 சதவீதம் என்ற மாநில நிதிக்குழுப் பங்கீட்டோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்தப் பத்து பெரிய விஷயம், பல மாநிலங்களில் அது இல்லை, குறைசொல்லவில்லை. ஆனால் கிராமம் நகரம் எல்லாம் சேர்த்துத்தான் பத்து. ஒரு கையால் பங்கு, இன்னொரு கையால் விதி. இரண்டையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தால்தான் நகரத்துக்கு நிகரம் என்ன என்று தெரியும்.

அந்த ஒரே தாள் என்ற யோசனை என்னுடையது அல்ல. அமெரிக்காவில் பல நகரங்களில் அது வழக்கம். ‘லெஜிஸ்லேட்டிவ் அஜெண்டா’ என்பார்கள். ஒவ்வோர் ஆண்டும் மாநிலச் சட்டமன்றம் கூடுவதற்கு முன்னால், நகர மன்றம் உட்கார்ந்து, இந்தக் கூட்டத்தொடரில் எங்களுக்கு இன்னின்ன சட்டம் வேண்டும், இன்னின்ன சட்டம் வேண்டாம், இந்தப் பாலத்துக்கு இவ்வளவு பணம் வேண்டும் என்று பட்டியல் போட்டு, வாக்கெடுத்து நிறைவேற்றுகிறது. வாஷிங்டன் மாநிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே சட்டமன்றம் ஜனவரி இரண்டாம் திங்கட்கிழமை கூடும். ஒற்றைப்படை ஆண்டில் 105 நாள், இரட்டைப்படை ஆண்டில் 60 நாள். தேதி முன்கூட்டியே தெரிவதால் அதற்கு முந்தைய இலையுதிர் காலத்திலேயே சியாட்டில் முதல் சின்னஞ்சிறு ஊர்கள் வரை பட்டியல் எழுத உட்கார்ந்துவிடும். சியாட்டில் மாநகராட்சியில் பிற அரசுகளோடு பேசுவதற்கென்றே ஓர் அலுவலகம் இருக்கிறது.

அவர்களுக்கு அதிகாரம் கொட்டிக் கிடக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். 1868இல் அயோவா நீதிபதி ஜான் டில்லன் ஒரு வழக்கில், நகரம் என்பது மாநிலம் பெற்ற பிள்ளை, மாநிலம் வெளிப்படையாகக் கொடுத்த அதிகாரத்துக்கு மேல் அதற்கு எதுவும் கிடையாது என்ற போக்கில் எழுதினார். இன்றும் பல மாநிலங்களில் அதுதான் நெறி. அரசியலமைப்பில் நகரங்களுக்கு ஒரு பகுதியே ஒதுக்கியிருக்கும் நாம், எழுத்தளவில் அவர்களைவிட ஒரு படி மேல். வாஷிங்டனில் 2001இல் ஒரு பொதுவாக்கெடுப்பு, நகரங்கள் சொத்துவரி வரவை ஆண்டுக்கு 1 சதவீதத்துக்கு மேல் உயர்த்தக் கூடாது என்று கட்டியது. 2007இல் மாநில உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அதே ஆண்டில் சட்டமன்றம் அவசரமாகக் கூடி மறுபடி கட்டிவிட்டது. அதற்குப் பிறகு அங்குள்ள நகரங்கள் தம் பட்டியலில் இந்த ஒரு சதவீதக் கட்டைத் தளர்த்துங்கள் என்று எழுதி வந்திருக்கின்றன. கேட்டது கிடைத்ததா என்பது இரண்டாவது. எத்தனை ஆண்டாக நிலுவை என்று யாராலும் சொல்லிவிட முடியும், அதுதான் எனக்கு முக்கியம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: அந்த நகரங்கள் மக்கள் வரிப்பணத்தில் தரகர்களை அமர்த்திச் சட்டமன்ற வராந்தாவில் நடக்க விடுகின்றன. அது எனக்குப் பிடிக்கவில்லை. பட்டியலை எடுத்துக்கொள்வோம், தரகரை அங்கேயே விட்டுவிடுவோம்.

நம்மிடம் அப்படி ஒன்றும் இல்லையா? இருந்தது, ஒரு முறை, கிட்டத்தட்ட. 2022 ஆகஸ்டில் முதலமைச்சர் 234 சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் கடிதம் எழுதினார். உங்கள் தொகுதியில் நீண்ட நாளாக நிறைவேறாத பத்து முக்கியக் கோரிக்கைகளை எழுதி மாவட்ட ஆட்சியரிடம் கொடுங்கள் என்று. கட்சி பாராமல் எல்லாரிடமும் கேட்டது நல்ல காரியம். ஆனால் அந்தக் கடிதத்தின் பாதையைப் பாருங்கள். முதலமைச்சரிடமிருந்து எம்.எல்.ஏ.வுக்கு, எம்.எல்.ஏ.விடமிருந்து ஆட்சியருக்கு. அப்போது பதவியேற்று ஆறு மாதம்கூட ஆகாத, 200 உறுப்பினர்கள் உள்ள சென்னை மாமன்றம் அந்தப் பாதையில் இல்லை. தொகுதி என்ற சொல் இருந்தது, நகரம் என்ற சொல் இல்லை. சென்னை மாவட்டத்தில் மட்டும் 16 தொகுதிகள். பதினாறு பேரும் பத்துப் பத்து எழுதினால் 160 கோரிக்கை. சமுதாயக் கூடம், உடற்பயிற்சிக் கூடம், மேம்பாலம் எல்லாம் இருக்கும். பதிவுத்துறை மேல்வரி இருக்காது. ஏனென்றால் அது எந்தத் தொகுதியின் பிரச்சினையும் இல்லை, எல்லாத் தொகுதியின் பிரச்சினை.

இதில் எம்.எல்.ஏ.க்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி இருக்கிறது. அவருடைய வாக்காளர் அவரிடம் சாக்கடை அடைப்பைத்தான் சொல்கிறார். கவுன்சிலர் செய்ய வேண்டியதை எம்.எல்.ஏ. செய்கிறார், எம்.எல்.ஏ. செய்ய வேண்டிய சட்ட வேலையை யாரும் செய்வதில்லை. ஒரே ஆள் மேயராகவும் எம்.எல்.ஏ.வாகவும் இருந்த காலம் ஒன்று சென்னைக்கு உண்டு. 2002இல் ஒருவர் இரண்டு பதவி வகிக்கக்கூடாது என்று சட்டம் வந்ததும் அந்தக் கதவு மூடியது. அது சரியா தவறா என்ற அரசியல் எனக்கு வேண்டாம். அதற்குப் பிறகு பேரவையில் நகரத்தின் வாய் எது என்பதுதான் என் கேள்வி. முதலமைச்சரோ அமைச்சரோ பேரவையின் 110ஆவது விதியின்கீழ் அறிக்கை வாசித்தால் விவாதம் கிடையாது. நகரத்துக்கு என்ன வரப்போகிறது என்பதை மாமன்ற உறுப்பினர் தொலைக்காட்சியில் பார்த்துத் தெரிந்துகொள்கிறார். மறுநாள் மன்றத்தில் நன்றி தெரிவிக்கும் தீர்மானம். நன்றி சொல்வது பண்புதான். கேட்காததற்கு நன்றி சொல்லிப் பழகிவிட்டால் கேட்டது வராதபோது கேட்க வாய் வராது.

சரி, சென்னைக்கு அந்தத் தாளை எழுதச் சொன்னால் நான் எதை எழுதுவேன்?

முதல் வரியில் தேர்தல். 1973இல் மன்றம் கலைக்கப்பட்டு 1996 வரை, 23 ஆண்டு, இந்த நகரத்துக்குத் தேர்ந்தெடுத்த மன்றம் கிடையாது. அரசியலமைப்பு ஐந்தாண்டுக்கு ஒரு முறை என்று கண்டிப்பாகச் சொன்ன பிறகும், 2016 அக்டோபரில் மன்றம் முடிந்து 2022 மார்ச்சில்தான் அடுத்த மன்றம் வந்தது. இடையில் தனி அலுவலர். வார்டு எல்லை, இட ஒதுக்கீடு, வழக்கு என்று காரணங்கள் இருந்தன. காரணங்கள் எப்போதும் இருக்கும். எல்லை வரையறுப்பு இத்தனை மாதத்துக்கு முன்னால் முடிந்திருக்க வேண்டும், முடியாவிட்டால் பழைய எல்லையிலேயே தேர்தல் என்று மாநிலச் சட்டத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். செலவு ஒன்றும் இல்லை.

இரண்டாவது, மழைநீர். இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு வடிகாலுக்குச் சென்னை செலவிட்டதும் கடன் வாங்கியதும் கொஞ்சமல்ல. கொசஸ்தலையாற்று வடிநிலப் பகுதிக்கு மட்டும் ஆசிய வளர்ச்சி வங்கியின் கடன் 25.1 கோடி டாலர். வடிகால் கட்டுவது மாநகராட்சி. அந்த வடிகால் போய் விழும் கூவமும் அடையாறும் பக்கிங்ஹாம் கால்வாயும் நீர்வளத்துறையிடம். முகத்துவாரத்தில் மணல் மேடு கட்டினால் எடுக்க வேண்டியதும் அந்தத் துறைதான். வடிகாலுக்குள் கள்ளத்தனமாக வந்து சேரும் கழிவுநீர் குடிநீர் வாரியத்தின் பாடு. சாலை சில இடத்தில் நெடுஞ்சாலைத் துறையுடையது. தெருவில் முழங்கால் தண்ணீரில் நிற்பவர் தொலைபேசியில் அழைப்பது மாநகராட்சியின் 1913 என்ற எண்ணை. மாநகராட்சி கட்டிய வடிகால் சரியாகவே இருந்தாலும் ஆற்று முகம் அடைத்திருந்தால் தண்ணீர் வந்த வழியே திரும்பும். இதற்குச் சென்னை கேட்க வேண்டியது இன்னொரு ஆயிரம் கோடி அல்ல. அக்டோபர் 1ஆம் தேதிக்குள் முகத்துவாரங்களும் கால்வாய்களும் எந்த ஆழத்தில் இருக்கின்றன என்று அளந்து, அந்த அளவைக் கையெழுத்தோடு மாமன்றத்தில் வைக்க வேண்டும் என்ற ஒரு சட்டக் கடமையைக் கேட்க வேண்டும். துறை எதையும் மாற்ற வேண்டாம். அளவு சொல்ல வேண்டும், மன்றத்தின் முன் சொல்ல வேண்டும்.

மூன்றாவது நான் சொன்ன மேல்வரி: உள்ளாட்சியின் வரவைப் பாதிக்கும் எந்த வரிச் சலுகையையும் அறிவிக்கும்போது, உள்ளாட்சிக்கு எவ்வளவு குறையும் என்ற கணக்கும் கூடவே பேரவையில் வைக்கப்பட வேண்டும், குறைவதை ஈடுசெய்ய வேண்டும்.

நான்காவது நிலத் திட்டம். பெருநகரத் திட்டமிடலுக்கு ஒரு குழு வேண்டும், அதில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் உள்ளாட்சி உறுப்பினர்கள் தம்முள் தேர்ந்தெடுத்தவர்கள் இருக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 243 இசட்-இ பிரிவு. சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக 2022இல் விரிந்துவிட்டது. வரைபடம் ஐந்து மடங்கு பெரிதாகிவிட்டது, அந்தக் குழுவின் நாற்காலிகளைப் பற்றிப் பேச்சில்லை. ஊழியர் நியமனம், ஒப்பந்த வரம்பு என்று இன்னும் உண்டு, நேரம் கருதி விடுகிறேன்.

பணத்தைக் கேட்கும் பகுதி இதற்குக் கீழே வரட்டும். பள்ளிக் கட்டடம், குப்பைக் கிடங்கு அகழ்வு, மருத்துவமனை எல்லாம் அங்கே. ஒவ்வொன்றுக்கும் நேரே, போன ஆண்டு எவ்வளவு கேட்டோம், எவ்வளவு வந்தது.

இதை எப்படி நடத்துவது? புதிய சட்டம் எதுவும் வேண்டாம். நவம்பர் 1 உள்ளாட்சி நாள். 2022இல் அந்த நாளில்தான் நகரங்களில் பகுதி சபைகள் முதல் முறையாகக் கூடின. அங்கே தொடங்கலாம். வார்டுக் குழு, மண்டலக் குழு என்று மேலே வந்து, டிசம்பர் மாமன்றக் கூட்டத்தில் ஒரு பொருளாக வைத்து, வாக்கெடுத்து நிறைவேற்றலாம். எதிர்க்கட்சி உறுப்பினர் எதிர்த்தால் எதிர்ப்பையும் பதிவு செய்யலாம். நிதிநிலை அறிக்கைக்கு முன்னால் நகரத்தின் எல்லா எம்.எல்.ஏ.க்களையும் ஒரு பிற்பகல் ரிப்பன் மாளிகைக்கு அழைத்துத் தாளை ஒவ்வொருவர் கையிலும் கொடுக்கலாம். காப்பி, வடைக்கு ஆகும் செலவைத் தணிக்கையில் நான் தடுத்திருக்க மாட்டேன். நகராட்சி நிர்வாக மானியக் கோரிக்கை பேரவைக்கு வரும் நாளில் அந்தத் தாளிலிருந்து எத்தனை கேள்வி வருகிறது என்று செய்தியாளர்கள் எண்ணட்டும். மேயரும் முதலமைச்சரும் ஒரே கட்சியாக இருந்தால் கேட்கக் கூச்சமாக இருக்கும் என்று சொல்வார்கள். வீட்டுச் செலவுக்கு அப்பாவிடம் பட்டியல் எழுதிக் கொடுப்பதில் என்ன கூச்சம்? கேட்பது ஆளல்ல, மன்றம். சென்னைக்கு மட்டும் சொல்லவில்லை, தமிழ்நாட்டில் மாநகராட்சிகள் இப்போது 25. கோவைக்கு ஒரு தாள், மதுரைக்கு ஒரு தாள், காரைக்குடிக்கும் ஒன்று. இருபத்தைந்தையும் அருகருகே வைத்தால் எல்லாத் தாளிலும் இருக்கும் நாலைந்து வரிகள் தாமாகத் தெரியும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாக வேண்டும், மூன்றாவது பத்தி. நகராட்சிக் கணக்கில் ஒரு நிலுவை வசூலாகாது என்று தெரிந்தால்கூட எழுத்தரோ மேலாளரோ தம் இஷ்டத்துக்கு அதை அடிக்க முடியாது. தள்ளுபடி செய்ய மன்றத்தின் தீர்மானம் வேண்டும். மாநிலத்திடம் இருக்கும் கேட்புக்கும் அதே விதியை வைத்துக்கொள்ளலாம்: மன்றம் தள்ளுபடி செய்யாத எதுவும் அடுத்த ஆண்டுத் தாளில் மறுபடி எழுதப்படும்.

நான் சொன்ன அந்தச் சிறு நகராட்சிக்கு ஓய்வுபெறச் சில ஆண்டு இருக்கும்போது மறுபடி தணிக்கைக்குப் போனேன். பழைய தீர்மானப் புத்தகங்களை எடுத்துவரச் சொல்லி அந்த இரண்டு குழாய் பொருத்துநரைத் தேடினேன். எட்டாவது தீர்மானம் இல்லை. பணியிடம் வந்துவிட்டதா என்று பணியாளர் பட்டியலைப் பார்த்தேன், வரவில்லை. எந்த மன்றமும் அந்தக் கோரிக்கையைக் கைவிடுவதாகத் தீர்மானிக்கவும் இல்லை. பழைய புத்தகம் நிரம்பி, புதிய புத்தகம் போட்டபோது யாரும் அதை எடுத்து எழுதவில்லை.